இருபதே கேள்வி: ஒரு விளையாட்டின் 200 வருஷக் கதை

சீட்டுக்கட்டு வேணாம், கேரம் போர்டு வேணாம், பேப்பர் பேனா கூட வேணாம். நாலு பேரும் கொஞ்சம் நேரமும் இருந்தா போதும்ங்கிற விளையாட்டுன்னா நம்ம ஆளுங்களுக்கு சட்டுன்னு ஞாபகம் வர்றது அந்தாக்ஷரியும் டம்ப் ஷராட்ஸும்தான். டீம் அவுட்டிங் பஸ் தாம்பரம் தாண்டுறதுக்குள்ள ரெண்டுல ஒண்ணு ஆரம்பிச்சிடும்.

மூணாவதா ஒண்ணு இருக்கு. அதுக்குப் பாடத் தெரிய வேணாம், நடிக்கத் தெரிய வேணாம். ஒருத்தர் மனசுல ஒரு பொருளையோ ஆளையோ நினைச்சுக்கணும். மத்தவங்க இருபது கேள்விக்குள்ள அது என்னன்னு கண்டுபிடிக்கணும். பதில் 'ஆமா' அல்லது 'இல்லை'. ரூல்ஸ் அவ்ளோதான்.

"இந்த மொக்கை விளையாட்டுக்கு எல்லாம் ஒரு பதிவா?"ன்னு நீங்க கேக்குறது காதுல விழுது :-) கொஞ்சம் பொறுங்க மக்களே. இந்தக் கதையில ஒரு பிரிட்டிஷ் அமைச்சர் வர்றார், சார்லஸ் டிக்கன்ஸ் வர்றார், ஹைட்ரஜன் குண்டு செஞ்ச ஒரு கணித மேதை வர்றார். நம்மள மாதிரி பொட்டி தட்டுறவங்களோட பொழப்பும் வருது.

இந்தியாவுக்கு வந்திருக்க வேண்டியவர்

ஜார்ஜ் கேனிங்னு ஒரு அரசியல்வாதி. 1822-ல இவரை இந்தியாவின் கவர்னர் ஜெனரலா நியமிச்சாங்க. மூட்டை முடிச்சு கட்டி, கப்பல் ஏற வேண்டியதுதான் பாக்கி. அந்த ஆகஸ்ட்ல வெளியுறவு அமைச்சரா இருந்த காஸல்ரே தற்கொலை பண்ணிக்கிட்டார். காலியான நாற்காலி கேனிங்குக்கு வந்தது, இந்தியப் பயணம் ரத்து. (அப்பா வரலைன்னா என்ன, 1856-ல மகன் வந்து சேர்ந்தார். 1857 கிளர்ச்சியப்போ கவர்னர் ஜெனரலா இருந்து, அடுத்த வருஷம் முதல் வைஸ்ராய் ஆன சார்லஸ் கேனிங் இவரோட பையன்தான்.)

அப்போ லண்டன்ல அமெரிக்கத் தூதரா இருந்தவர் ரிச்சர்ட் ரஷ். 1823-ல கேனிங்கும் இவரும் தென் அமெரிக்கா பத்திப் பேசின பேச்சுதான் கொஞ்ச நாள்ல மன்ரோ கோட்பாடு வரைக்கும் போச்சு. அப்படிப்பட்ட ரெண்டு பேர் ஒரு விருந்து முடிஞ்சதும் என்ன செஞ்சாங்க தெரியுமா? இருபது கேள்வி விளையாட்டு! ரஷ் தன்னோட நினைவுக் குறிப்புகள்ல இதை விலாவாரியா எழுதி வெச்சிருக்கார்.

கேள்வி கேட்டது கேனிங். உயிரினமா தாவரமா, மனுஷன் செஞ்சதா தானா விளைஞ்சதா, தனியார் உபயோகமா பொது உபயோகமா, இங்கிலாந்துல இருக்கா வெளியிலயா... இப்படியே கிட்டி போட்டு நெருக்கிக்கிட்டே போறார். நாலாம் ஜார்ஜோட முடிசூட்டு விழா 1821-ல முடிஞ்சு ரொம்ப நாள் ஆகலை. அந்த விழாவில பயன்பட்டதான்னு ஒரு கேள்வி போட்டதும் வட்டம் சுருங்கிடுச்சு. கடைசில கேனிங் சரியாச் சொல்லிட்டார்: லார்ட் ஹை ஸ்டூவர்ட் என்ற பதவிக்காரர் விழாவில கையில பிடிச்சிருக்கிற கோல்!

அந்தக் கேள்விகள்ல நிறைய 'இதுவா, அதுவா' ரகம். 'ஆமா, இல்லை' இல்லை. ஆனா ரெண்டும் ஒண்ணுதான். ஒவ்வொரு கேள்வியும் உலகத்தை ரெண்டா வெட்டி ஒரு பாதியைத் தூக்கி எறியுது. இந்த 'வெட்டு' விஷயத்தை ஞாபகம் வெச்சுக்கங்க, பின்னாடி வருது.

உயர்திணையா அஃறிணையா?

இங்கிலீஷ்காரங்க இதை ஆடும்போது வழக்கமா முதல் கேள்வி விலங்கா, தாவரமா, கனிமமா என்பதுதான். இந்த மூணு டப்பாவும் ஸ்வீடன்காரர் லின்னேயஸ் 1735-ல வெளியிட்ட புத்தகத்துல இயற்கையைப் பிரிச்ச அதே மூணு ராஜ்ஜியங்கள்.

நம்மாளு தொல்காப்பியரைக் கூப்பிட்டு உக்கார வெச்சிருந்தா ஓரறிவா ஆறறிவான்னு ஆரம்பிச்சிருப்பார். அது கூட வேணாம். நம்ம இலக்கணமே முதல் கேள்வியைக் கேட்டுட்டுதான் வாயைத் திறக்க விடுது: உயர்திணையா, அஃறிணையா? தமிழ்ல ஆடினா இதனாலயே ஒரு வேடிக்கை நடக்கும். பதில் சொல்றவர் 'ஆமா'வோட நிறுத்தாம "ஆமா, அவர் நடிச்சிருக்கார்"னு வாய் தவறிட்டா போச்சு, ஒரு கேள்வி மிச்சம். 'அவர்'னு மரியாதை குடுத்தா ஆணா பெண்ணான்னு தெரியாது, 'அவன்'னு சொன்னா அதுவும் அவுட். தமிழ்ல நல்லா ஆடணும்னா வாயை அளந்து திறக்கணும் :-)

ஸ்க்ரூஜைப் பார்த்துச் சிரிச்சாங்க

1843 டிசம்பர்ல டிக்கன்ஸோட 'எ கிறிஸ்துமஸ் கரோல்' வெளிவந்தது. கஞ்சப்பிசினாரி ஸ்க்ரூஜை ஒரு ஆவி கூட்டிட்டுப் போய், அவரோட அக்கா/தங்கை பையன் ஃப்ரெட் வீட்டு விருந்தைக் காட்டும். அங்க ஆடுறது இதே விளையாட்டுதான், 'ஆமா-இல்லை'ங்கிற பேர்ல. ஃப்ரெட் ஒண்ணை நினைச்சுக்கிறான். உயிருள்ளதா, ஆமா. உறுமுமா, ஆமா. லண்டன்ல இருக்கா, ஆமா. கழுதையா, கரடியா, புலியான்னு கேட்டா எல்லாத்துக்கும் இல்லை. கடைசில ஒருத்தி கண்டுபிடிச்சிடுறா. பதில்: மாமா ஸ்க்ரூஜ்.

கண்ணுக்குத் தெரியாம ஓரமா நின்னு ஸ்க்ரூஜ் இதையெல்லாம் கேட்டுக்கிட்டிருக்கார். ஒவ்வொரு 'ஆமா'வும் அவரைப் பத்தி ஊர் என்ன நினைக்குதுங்கிறதுக்கு ஒரு சாட்சி. நேர்ல கேட்டிருந்தா ஒருத்தரும் இந்த உண்மையைச் சொல்லியிருக்க மாட்டாங்க. விளையாட்டுன்னதும் சொல்லிட்டாங்க. டிக்கன்ஸ் கில்லாடி.

சாப்பாட்டு மேசையிலிருந்து ரேடியோவுக்கு

நியூயார்க் ரேடியோவுல செய்தி வாசிச்சுக்கிட்டிருந்தவர் ஃப்ரெட் வான் டெவென்டர். வீட்ல மனைவி, பிள்ளைகளோட சாப்பாட்டு மேசையில ஆடுற விளையாட்டையே நிகழ்ச்சியாக்கலாமேன்னு அவருக்குத் தோணுச்சு. 1946 பிப்ரவரியில மியூச்சுவல் நெட்வொர்க்ல 'ட்வென்டி கொஸ்டின்ஸ்' ஆரம்பமாச்சு. கேள்வி கேட்குற குழுவுல அவரும் அவர் மனைவி ஃப்ளாரன்ஸ் ரினார்டும் பிள்ளைகளும்தான்! அடுத்த வருஷமே பிபிசி இதைக் கையில எடுத்து 1976 வரைக்கும் ஓட்டினாங்க.

ரேடியோக்காரங்க செஞ்ச ஒரு சின்ன மாற்றம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். குழுவுக்குக் கேட்காத மாதிரி ஒரு மர்மக் குரல் வீட்ல இருக்கிற நேயர்களுக்கு மட்டும் விடையைச் சொல்லிடும். அப்புறம் பெரிய பெரிய அறிவாளிங்க தடவுறதை வீட்ல உக்காந்து ரசிக்கலாம். இன்னிக்கு டிவியில ரியாலிட்டி ஷோ பார்க்கிறப்ப நமக்கு வர்ற அதே 'எனக்குத் தெரியும், உனக்குத் தெரியாது' குஷி.

நம்ம பக்கத்து வீட்டிலயும் இது சக்கை போடு போட்டுச்சு. மலையாளத்துல கைரளி டிவியில ஜி.எஸ்.பிரதீப் நடத்தின 'அஸ்வமேதம்'. எதிர்ல உக்கார்ந்தவர் மனசுல நினைச்சிருக்கிற பிரபலத்தை 21 கேள்விக்குள்ள பிடிக்கணும். ஒரு கேள்வி கூட, அவ்வளவுதான் வித்தியாசம்.

இருபதுல என்ன இருக்கு?

இனி நம்ம ஏரியா. ஒரு கேள்வியால ரெண்டு பொருளைப் பிரிக்கலாம். ரெண்டு கேள்வியால நாலு, மூணால எட்டு. பத்து கேள்வின்னா 1,024. இருபது கேள்வின்னா 10,48,576. ஒவ்வொரு கேள்வியும் மிச்சம் இருக்கிறதைச் சரிபாதியா வெட்டினா பத்து லட்சத்துக்கும் மேலான பொருட்கள்ல இருந்து ஒண்ணைப் பிடிச்சிடலாம். கேனிங் காலத்து ஆளுங்க இந்தக் கணக்கெல்லாம் போட்டு இருபதுன்னு வெச்சிருக்க மாட்டாங்க. ஆனா பொருத்தமான நம்பர்.

முதல் கேள்வியே "ரஜினியா?"ன்னு கேட்குற ஒருத்தர் எல்லா குரூப்லயும் இருப்பார். 'ஆமா'ன்னு வந்தா ஹீரோ. ஆனா 'இல்லை'ன்னு வந்தா ஒரு கேள்வியைச் செலவழிச்சு ஒரே ஒரு ஆளை மட்டும் நீக்கியிருக்கோம். "உயிரோட இருக்காரா?" என்பது கேட்கவே சப்புன்னு இருக்கும், ஆனா பதில் எதுவா இருந்தாலும் கூட்டத்துல பாதி காலி.

1948-ல கிளாட் ஷானன் எழுதின கட்டுரை இதுக்கு ஒரு அளவுகோலே குடுத்துச்சு. ரெண்டுக்கும் சம வாய்ப்பு இருக்கிற ஒரு 'ஆமா-இல்லை' பதில்ல இருக்கிற தகவல் ஒரு 'பிட்'. அந்தச் சொல் ஜான் டூக்கியோடதுன்னு ஷானனே சொல்லியிருக்கார். இன்னிக்கு ஜிபி கணக்குல நாம வாங்குற டேட்டா எல்லாம் இந்த 'ஆமா-இல்லை'யோட மூட்டைதான்.

அடுத்து 1951. எம்ஐடியில ராபர்ட் ஃபானோ தன் மாணவர்களுக்கு ஒரு சலுகை குடுத்தார்: பரீட்சை எழுதுங்க, இல்லை ஒரு கட்டுரை எழுதுங்க. கட்டுரைக் கணக்கு என்னன்னா, எல்லாப் பொருளுக்கும் ஒரே வாய்ப்பு இல்லாதப்போ சராசரியா ஆகக் குறைஞ்ச கேள்வியில கண்டுபிடிக்கிற முறை எது? (அவங்க அதைக் கோடிங்னு சொன்னாங்க, கணக்கு இதேதான்.) ஃபானோவும் ஷானனும் முயற்சி பண்ணி முழுசா முடிக்காத கணக்கு அது. இது தெரியாமலேயே டேவிட் ஹஃப்மன்ங்கிற மாணவர் கட்டுரையைத் தேர்ந்தெடுத்தார். மாசக்கணக்கா மல்லுக்கட்டி, விட்டுட்டு பரீட்சைக்கே படிக்கலாம்னு கிளம்புற நேரத்துல பொறி தட்டுச்சு: மேலிருந்து வெட்டாதே, கீழேயிருந்து கட்டு. ஆக அபூர்வமான ரெண்டை முதல்ல ஜோடி சேரு, அதை ஒண்ணா நினைச்சு மறுபடி ஜோடி சேரு. 1952-ல கட்டுரை வெளிவந்துச்சு. ஜிப் ஃபைல், ஜேபெக் படம், எம்பி3 பாட்டு எல்லாத்துக்குள்ளயும் ஹஃப்மன் உக்காந்திருக்கார். செமஸ்டர்ல மரம் வரைஞ்சு பத்து மார்க் வாங்கினோமே, அதேதான்.

ஒரே ஒரு பொய்

ஹங்கேரியில இந்த விளையாட்டுக்குப் பேரே வேற: 'பர்கோபா'. கி.பி. 132-ல ரோமாபுரிக்கு எதிரா யூதர்களைத் திரட்டின தலைவரோட பேர் அது. அவர்கிட்ட ஒரு வீரன் வந்தானாம். எதிரிங்க அவன் நாக்கையும் கையையும் வெட்டி அனுப்பிட்டாங்க. பேசவும் முடியாது, எழுதவும் முடியாது, தலையை மட்டும் ஆட்ட முடியும். அவர் 'ஆமா-இல்லை' கேள்வியாவே கேட்டு முழு விவரத்தையும் வாங்கினாராம். கதைதான், வரலாறு இல்லை. ஆனா விளையாட்டோட உயிர் இந்தக் கதையில இருக்கு. தலையாட்டுற அந்த ஆள் உண்மையைச் சொல்றான்ங்கிற நம்பிக்கை.

பொய் சொன்னா என்ன ஆகும்?

இதைக் கேட்டவங்க ரெண்டு பேர். ஹங்கேரியின் ஆல்ஃபிரட் ரெனி 1961 வாக்குல, அப்புறம் ஹைட்ரஜன் குண்டு வடிவமைப்புல பங்கு வகிச்ச ஸ்டானிஸ்லாவ் உலாம் 1976-ல வந்த சுயசரிதையில. உலாம் கேட்டது: ஒருத்தர் ஒண்ணுல இருந்து பத்து லட்சத்துக்குள்ள ஒரு எண்ணை நினைச்சிருக்கார். ஒரே ஒரு தடவை பொய் சொல்ல அவருக்கு அனுமதி உண்டு. எத்தனை கேள்வி வேணும்?

பொய்யே இல்லைன்னா 20 போதும். பொய் உண்டுன்னா ஒவ்வொரு கேள்வியையும் ரெண்டு தடவை கேளு, முரண்பட்டா மூணாவது தடவை கேளு, ஆக மொத்தம் 41-ன்னு தோணும். அவ்வளவு வேணாம். 24 கேள்வியில முடியுமான்னு பாருங்க. ஒவ்வொரு எண்ணுக்கும் 25 விதமான பதில் வரிசை வரலாம்: எல்லாம் உண்மைன்னா ஒண்ணு, 24-ல ஏதாவது ஒரு இடத்துல பொய்ன்னா 24. மொத்த வரிசைகளை, அதாவது 2-ஐ 24 தடவை பெருக்கி வர்றதை, 25-ஆல வகுத்தா 6,71,088. பத்து லட்சத்துக்குப் பத்தாது. 25 கேள்வின்னா சரியா முடியும். ஆண்ட்ரே பெல்க் 1987-ல இந்தக் கணக்கைப் பொதுவாவே தீர்த்து வெச்சார்.

பொய்யைப் பிடிக்க அஞ்சே அஞ்சு கேள்வி கூடுதல்! 1950-ல ரிச்சர்ட் ஹாமிங் கண்டுபிடிச்ச பிழை திருத்தும் முறையிலயும் 20 பிட்டைக் காப்பாத்த அஞ்சு பிட்தான் கூட வேணும். மெமரி சிப்பும் செயற்கைக்கோளும் ஒரு பிட் புரண்டாலும் சமாளிக்கிறது இந்த மாதிரி கணக்குல.

மெஷினுக்குச் சரி. மனுஷங்க பொய் சொன்னா?

நான் முன்னாடி இருந்த ஒரு டீம்ல நடந்தது. ராத்திரி ரெண்டு மணி, ப்ரொடக்ஷன் படுத்துடுச்சு. கான்ஃபரன்ஸ் கால்ல பதினஞ்சு பேர். இந்த மாதிரி நேரத்துல செய்ய வேண்டியது இருபது கேள்வி விளையாட்டுதான். பிரச்சனை நெட்வொர்க்கா அப்ளிகேஷனா? நேத்தைய ரிலீஸுக்கு முன்னாடியா பின்னாடியா? பாதி பாதியா வெட்டிக்கிட்டே போகணும். ஆயிரம் கமிட் இருந்தாலும் பத்து பில்டுல பிடிச்சிடலாம். ஆனா அன்னிக்கு லைன்ல வந்த பெரியவர் கேட்ட முதல் கேள்வி: "யார் பண்ணது?"

அந்த 'ரஜினியா?' கேள்வி மாதிரிதான் இதுவும். அதைவிட மோசம், ஏன்னா இது பதில் சொல்றவங்களைப் பொய் சொல்ல வைக்குது. நேத்து கோட் போட்டது சேர்ந்து நாலு மாசம் ஆன ஒரு தம்பி. பேர் வந்ததும் எல்லாரும் அவன் மேல பாய்ஞ்சாங்க. இன்னொரு டீம்கிட்ட "உங்க பக்கம் ஏதாவது மாத்தினீங்களா?"ன்னு கேட்டப்போ "இல்லை"ன்னு பதில் வந்துச்சு. அந்த ஒரு 'இல்லை'யால பாதி உலகத்தைத் தூக்கி எறிஞ்சோம், பிரச்சனை அந்தப் பாதியில இருந்துச்சு. மூணு மணி நேரம் தம்பியோட கோடைப் பிச்சுப் பார்த்தோம். விடிஞ்சப்புறம் தெரிஞ்சது, அந்த டீம் ஒரு செட்டிங்கை மாத்தியிருக்காங்க. யாரும் அவங்களைத் திட்டலை. தம்பிகிட்ட யாரும் சாரி சொல்லவும் இல்லை. ரெண்டு மாசத்துல அவன் பேப்பர் போட்டுட்டான்.

உலாமோட கணக்குல பொய்க்கு 25 கேள்வி போதும், ஏன்னா அங்க ஒரு பொய்தான் அனுமதி. பயந்தவன் எத்தனை பொய் சொல்வான்னு எந்தக் கணக்கும் சொல்லாது. "எது உடைஞ்சுது, எப்போ உடைஞ்சுது"ன்னு ஆரம்பிச்சிருந்தா அந்த டீம் உண்மையைச் சொல்லியிருக்கும்னு நான் இன்னும் நம்புறேன்.

விடையே இல்லாத விளையாட்டு

இயற்பியலாளர் ஜான் வீலர் சொன்ன ஒரு கதை இருக்கு. லோதர் நார்டைம் வீட்ல விருந்து. வீலரை வெளியே அனுப்பிட்டு மிச்சம் இருந்த 15 பேரும் கூடிப் பேசினாங்க. ரொம்ப நேரம் கழிச்சு உள்ள கூப்பிட்டாங்க, எல்லார் முகத்துலயும் ஒரு நமட்டுச் சிரிப்பு. வீலர் கேட்க ஆரம்பிச்சார். முதல்ல பதில் டக்குன்னு வந்துச்சு. போகப் போக ஒவ்வொருத்தரும் ஒரு 'ஆமா' சொல்ல ரொம்ப யோசிச்சாங்க. கடைசில "மேகமா?"ன்னு கேட்டார். ஆமான்னு சொல்லி எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க.

விஷயம் என்னன்னா, யாரும் எந்த வார்த்தையையும் நினைச்சுக்கவே இல்லை! அவரவர் இஷ்டத்துக்குப் பதில் சொல்லலாம், ஒரே நிபந்தனை, அதுவரைக்கும் வந்த எல்லாப் பதிலுக்கும் பொருந்துற ஒரு பொருளாவது தன் மனசுல இருக்கணும். வீலர் வேற கேள்விகள் கேட்டிருந்தா வேற வார்த்தை வந்திருக்கும். எலக்ட்ரான் எங்க இருக்குங்கிறதும் இப்படித்தான், நாம எந்தக் கேள்வியைக் கேட்கிறோமோ அதுக்குத்தான் பதில் உருவாகுதுன்னு குவாண்டம் இயற்பியலை விளக்க இந்தக் கதையை வீலர் பயன்படுத்தினார். இது எனக்கு முழுசாப் புரியுதுன்னு சொன்னா அதுவே இந்தப் பதிவோட முதல் பொய் ஆயிடும் :-)

மெஷின் கேட்குது

1988-ல கனடாவின் ராபின் பர்கெனர் ஒரு ப்ரோக்ராம் எழுதினார். அதுக்குத் தெரிஞ்சது ஒரே ஒரு பொருள், பூனை. நண்பர்கள் ஆட ஆட அது கத்துக்கிச்சு. அப்புறம் இணையத்துக்குப் போச்சு. உள்ளங்கையில அடங்குற '20க்யூ' பொம்மையா கடைக்கும் வந்துச்சு. 2007-ல பிரான்ஸ்ல இருந்து அகினேட்டர் வந்தார், தலைப்பாகை பூதம், நாம நினைச்ச நடிகரை டக்குன்னு சொல்றவர். நாம ஒண்ணு ரெண்டு பதில் தப்பாச் சொன்னாலும் ரெண்டு பேரும் சமாளிச்சிடுவாங்க. உலாமோட கேள்விக்குப் பொம்மைக் கடையிலயே ஒரு பதில்.

கேனிங் வீட்டு விருந்துல ஆரம்பிச்சு இவ்வளவு தூரம் வந்தாச்சு. இந்த விளையாட்டுக்கு எந்தச் சாமானும் வேணாம்னு மேல சொன்னேன். ஒண்ணு வேணும்: உண்மையான பதில். அது கிடைக்கணும்னா கேட்குறவர் ஒழுங்காக் கேட்கணும். அடுத்த தடவை பஸ்ல அந்தாக்ஷரி போரடிச்சா இதை ஆடிப் பாருங்க. டீம்ல யார் நிதானமா பாதி பாதியா வெட்டுறாங்க, யார் எடுத்ததும் 'ரஜினியா?'ன்னு பாயறாங்கன்னு அரை மணி நேரத்துல தெரிஞ்சிடும். ராத்திரி ரெண்டு மணிக்கு லைன்ல யார் வேணும்னும் சேர்த்துத் தெரிஞ்சிடும்.

டிஸ்கி: நானும் ஒண்ணை நினைச்சுக்கிட்டேன். அஃறிணை. இருபது கேள்வி, பின்னூட்டத்துல ஆளுக்கு ஒண்ணா கேளுங்க. பொய் சொல்ல மாட்டேன். முதல் கேள்வியே "ரஜினியா?"ன்னு கேட்குறவங்க மேல உள்ள வரியை மறுபடி படிக்கவும்.